அலையை அளந்த கைகள்

வானொலி நிலையம் ஒன்று இத்தனை கிலோவாட் திறனுடையது என்று சொல்லக் கேட்கிறோம். அரிசியைப் படியால் அளக்கலாம்; பொன்னைத் தராசிலிட்டு நிறுக்கலாம். கண்ணுக்குத் தோன்றாமலும் கைக்கு அகப்படாமலும் ஓடுகின்ற மின்காந்த அலையை எந்தப் படியால் அளந்தனர்? அந்தப் படியைச் செய்தவர் யார்? இவ்வினாவைத் தொடர்ந்து பின்னோக்கிச் செல்வோமாயின், கல்கத்தா நகரத்துக் கல்லூரி ஒன்றில், குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிற்றறையின் வாயிலில் போய் நிற்போம். ஆயினும் அதற்கு முன் ஜெர்மனியில் சற்றுத் தங்கிச் செல்ல வேண்டும்.

கார்ல்ஸ்ரூ நகரத்தில் பேராசிரியராக இருந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் மின்காந்த அலைகள் உண்டு என்பதைப் பரிசோதனையால் நிலைநாட்டினார். அலையை எழுப்பிய கருவியைப் பற்றி நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. நம் கவனத்திற்குரியது அலையை ஏற்ற கருவி. அது ஒரு செம்புக் கம்பி வளையம், அவ்வளவே. வளையத்தின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல், நுண்ணிய திருகாணியால் நகர்த்தத்தக்க சிறு இடைவெளியுடன் நின்றன. அலை வந்து தாக்கும்போது அவ்விடைவெளியில் ஒரு பொறி தோன்றும். இருட்டறையில் அமர்ந்து, உருப்பெருக்கும் கண்ணாடி வழியே அப்பொறியைப் பார்க்க வேண்டும். ஹெர்ட்ஸ் திருகாணியைத் திருப்பித் திருப்பி, எவ்வளவு இடைவெளி வரையில் பொறி பாய்கிறது என்று குறித்துக்கொண்டார். இடைவெளி மிகுந்தால் அலை வலியது, குறைந்தால் மெலிந்தது. வானொலி அலையின் வலிமையை அளப்பதற்கு மனிதன் கையால் செய்த முதற்கருவி இதுவே எனலாம். அது முரட்டளவைதான், எனினும் வந்ததா என்பதோடு நில்லாமல், எவ்வளவு வந்தது என்றும் அது கேட்டது.

அடுத்து வந்த கருவி இவ்விரண்டாம் கேள்வியை மறந்துவிட்டது. 1890இல் பாரிசில் எட்வர்ட் பிரான்லி என்பார், கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் தூளின் மின்தடை, அருகே மின்பொறி எழும்போது திடீரெனக் குறைவதைக் கண்டார். ஆங்கிலேய விஞ்ஞானி ஆலிவர் லாட்ஜ் அதைப் பண்படுத்திக் கொஹிரர் என்று பெயரிட்டார். தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வந்த பெயர் அது. அலை வந்தவுடன் தூள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும், மணி அடிக்கும். அதன்பின் குழாயைத் தட்டி உதறினாலொழிய அது மறுபடியும் வேலை செய்யாது. சிற்றலைக்கும் பேரலைக்கும் அது ஒரே மணியைத்தான் அடித்தது. வீட்டு வாயிலில் கட்டிய மணி, வந்தவர் குழந்தையா பயில்வானா என்று சொல்லுமா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. அலை வந்ததை அறிவிக்கும் கருவிக்கும், வந்த அளவை அறிவிக்கும் கருவிக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் வழங்க, அலுவலகத் தாள்களில் நாம் இரண்டையும் ‘உணரி’ என்றே எழுதி முடித்துவிடுகிறோம். தமிழில் சொல் இல்லாமலில்லை. ‘காட்டி’ என்றும் ‘அளவி’ என்றும் பிரித்தெழுதலாம். பிரிக்காமற்போனால் இவ்வரலாற்றின் சரிபாதி மறைந்துவிடும்.

இப்பொழுது கல்கத்தாவிற்கு வருவோம். 1858இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவிடம் பயின்ற ஜகதீச சந்திர போஸ், 1885இல் பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம் என்றிருந்த காலம். குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்து மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். இறுதியில் அரசாங்கம் இணங்கி நிலுவை முழுவதையும் கொடுத்தது. ஆராய்ச்சிக்கென்று கல்லூரி அவருக்கு ஒன்றும் அளித்திலது. குளியலறையை ஒட்டிய சிற்றறையே ஆய்வுக்கூடம். விஞ்ஞானப் பயிற்சி இல்லாத தகரவேலைக்காரர் ஒருவரே உதவியாளர். ஹெர்ட்சின் பணி குறித்து லாட்ஜ் எழுதிய நூலைப் படித்து, 1894ஆம் ஆண்டின் இறுதியில் தம் முப்பத்தாறாம் வயதில் போஸ் இவ்வாராய்ச்சியில் இறங்கினார்.

அவருடைய நோக்கம் செய்தி அனுப்புவதன்று. மின்னலையும் ஒளியும் ஓரினம் என்றால், ஒளியைப் போலவே மின்னலையும் திரும்ப வேண்டும், வளைய வேண்டும், படிகத்தின் ஊடே செல்லும்போது பிளவுபட வேண்டும். இவற்றை மேசைமேல் வைத்துக் காட்ட விரும்பினார். ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் மீட்டர்க் கணக்கில் நீண்டவை. அவற்றைத் திருப்ப அறையை அடைக்கும் கண்ணாடிகளும் பட்டகங்களும் வேண்டும். சிற்றறையில் வேலை செய்பவருக்குச் சிற்றலையே பொருந்தும். ஆகவே போஸ் அலையைக் குறுக்கினார். 5 மில்லிமீட்டர் அளவிலான அலைகளை எழுப்பினார். இன்று ராடாருக்கும் செய்தித் தொடர்புக்கும் பயன்படும் மில்லிமீட்டர் அலைகள் இவைதாம். இடவசதி இன்மையும் இப்பாதையைக் காட்டியிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் இச்சிற்றலையை உணர்வது எது? உலோகத் தூள் அடைத்த குழாயை வங்காளத்து ஈரக்காற்றும் வெப்பமும் நம்பத்தகாததாக்கின; துரு ஏறியது; ஒரு நேரம் உணரும், மறு நேரம் மௌனம் சாதிக்கும். போஸ் தூளைக் கைவிட்டார். மெல்லிய எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றிச் சிறு துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளை எபொனைட் சட்டத்தின் பள்ளத்தில் ஒன்றையொன்று தொடும்படி ஒரே வரிசையாக அடுக்கினார். தூளில் எத்தனை துகள், எங்கே தொடுகின்றன என்பதை யாரும் அறியார். சுருள்களிலோ தொடும் இடங்கள் ஒழுங்காக அமைந்தன. ஒரு திருகாணியால் அவற்றின் மேல் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றது. ஊடு பாயும் மின்னழுத்தத்தையும் அவ்வாறே திருத்தலாம். சுருள்களோடு மின்கலமும் கால்வனாமீட்டரும் தொடராக இணைந்தன. அலை பட்டதும் முள் விலகியது. கருவியின் உணர்ச்சியை விரும்பிய அளவில் நிறுத்திக்கொள்ளும் வசதி இதனால் வாய்த்தது.

மற்றைய துணைக்கருவிகளும் இவ்வண்ணமே பிறந்தன. சணல் நாரை முறுக்கி, அலையின் அதிர்வுத் தளம் அதன் ஊடே எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்தார். 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் கழகத்தின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் அவர் காட்டிய பொருள்களுள் ஒன்று பிராட்ஷா என்னும் இரயில்வே கால அட்டவணைப் புத்தகம். தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகட்டை வைத்தால், அப்புத்தகம் அலையை ஒரு தளத்தில் மட்டும் செல்லவிடும் சல்லடையாகிவிடுகிறது! ஊர் விட்டு ஊர் வந்து, கால அட்டவணையைப் புரட்டியே காலத்தைக் கழிக்கும் நம்மனோர்க்கு இச்செய்தி ஒரு தனி இன்பம் தருவதாகும்.

போஸே வானொலியைக் கண்டுபிடித்தார் என்று பெருமிதத்தோடு கூறுவோர் நம்மிடையே உண்டு. அது மிகை. தொலைதூரம் செய்தி அனுப்பும் முறையை வளர்த்தவர் மார்க்கோனியும் அவரைச் சார்ந்தோருமே. போசுக்கு உரிய பெருமை வேறிடத்தில் உள்ளது. அதைச் சரியாகச் சுட்டினால் குறையாது, வளரும். 1899இல் அவர் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில், இரும்பையும் பாதரசத்தையும் தொடவைத்து, தட்டி எழுப்பாமலே தானாகத் தெளிந்துகொள்ளும் உணரியை விவரித்தார். 1901 டிசம்பர் 12ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் அட்லாண்டிக் கடந்துவந்த குறியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது, அவர் கையாண்டதும் பாதரச உணரியே. இத்தாலியக் கடற்படை அதிகாரி சோலாரி தந்ததால் அது இத்தாலியக் கடற்படை உணரி எனப்பட்டது. அதன் மூலம் போசின் 1899ஆம் ஆண்டுக் கட்டுரையே என்று 1998இல் அமெரிக்க மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் இதழில் வந்த ஆராய்ச்சி வாதிட்டது.

அதைவிட முக்கியமானது கலீனா. காரீயமும் கந்தகமும் சேர்ந்த தாது இது. சுரங்கத்தில் கிடைக்கும் கரிய, பளபளப்பான படிகம். இதன்மேல் ஒரு கூர்முனையை மெல்லத் தொடவைத்து, மின்னலைக்கும் ஒளிக்கும் ஒருங்கே இசைகின்ற உணரியைப் போஸ் செய்தார். தாம் ஆராய்ந்த பல பொருள்களின் வழியே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, பாயும் மின்னோட்டத்தை அளந்து வரைபடம் வரைந்தார். ஓமின் விதிப்படி நேர்கோடு வர வேண்டும், வந்ததோ வளைகோடு! அவ்வளைவில்தான் பிற்கால மின்னணுவியலின் வித்து கிடந்தது. அலையென்பது முன்னும் பின்னும் ஊசலாடுவது. அதன் சராசரி சுழி. ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் மின்சாரத்தை விடுகின்ற படிகத்தில் அது புகுந்தால், ஊசலாட்டத்தின் ஒரு பாதி அடைபட்டு, மறு பாதி மட்டும் ஒரே திசையில் தள்ளும். அத்தள்ளலை முள் காட்டும். அலை பெருகினால் முள்ளும் மிகுதியாக விலகும். காட்டி அளவியாகும் வழி இவ்வாறு திறந்தது.

தம் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறுவதைப் போஸ் வெறுத்தார். அமெரிக்க நண்பர் சாரா புல் அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் வற்புறுத்தியதன் பேரில் ஒரே ஒன்றுக்கு இசைந்தார். 1901 செப்டம்பரில் விண்ணப்பித்து, 1904 மார்ச்சு 29இல் கிடைத்த 755840ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமை அது. குறைகடத்தியால் ஆன கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதற் காப்புரிமை என்பர். அதனால் அவர் பொருள் ஈட்டினாரல்லர். கலீனாப் படிகமும் பூனைமீசை எனப்பட்ட கம்பியும் கொண்ட சிறு ஏற்பிகள் 1920களில் உலகெங்கும் இல்லந்தோறும் புகுந்தபோது, போஸ் செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முள் விலகினால் போதுமா? பத்துக் கோடு விலகியது என்றால் அது எத்தனை வாட்? இதற்குப் படிகம் விடை சொல்லாது, வெப்பம் சொல்லும். மின்சாரம் நேராகப் பாயினும் ஊசலாடினும், மின்தடையில் அது பிறப்பிக்கும் வெப்பம் அதன் திறனுக்குச் சமம். அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி 1880ஐ ஒட்டிச் செய்த போலோமீட்டர், கரி பூசிய மெல்லிய பிளாட்டினப் பட்டைகள் வெப்பமடையும்போது அவற்றின் மின்தடை மாறுவதைக் கொண்டு ஞாயிற்றின் கதிரை அளந்தது. 1890இல் ரூபன்ஸ், ரிட்டர் என்னும் ஜெர்மானியர் அதையே ஹெர்ட்சின் அலைகளுக்குப் பயன்படுத்தினர். 1902இல் பெசெண்டன், தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய பிளாட்டினக் கம்பியால் பாரெட்டர் என்னும் உணரியைச் செய்தார். அக்கால ஒலிபரப்பு நிலையங்களில் ஏரியலுக்குச் செல்லும் வழியில் சூட்டுக்கம்பி ஆம்பியர்மானி இருக்கும். கம்பி சூடேறி நீள, முள் நகரும்.

இந்தியாவில் தனி மனிதர்கள் வானொலியைக் கையில் எடுத்த கதையும் கல்கத்தாவில்தான் தொடங்குகிறது. 1921இல் அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போசும் அமெச்சூர் நிலையங்கள் நடத்தினர். சென்னையில் 1924 மே மாதம் நிறுவப்பெற்ற சென்னை மாகாண ரேடியோ கிளப், சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால், அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் 40 வாட் திறனுள்ள கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுட்டுப்பாட்டால் 1927இல் கிளப் ஓய்ந்தது. கருவி மாநகராட்சியின் கைக்கு மாறி, 1930இல் மீண்டும் பேசியது. 40 வாட் என்பது ஒரு சாதாரண மின்விளக்கின் திறன். அதை நம்பி ஒரு நகரமே மாலையில் காது கொடுத்தது.

அந்த 40 வாட்டை வீட்டில் செய்த உணரியால் அளப்பது எப்படி? இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைத்துறை ஒதுக்கிய உபகரணங்கள் பழம்பொருட்கடைகளில் குவிந்த காலத்திலிருந்து இந்திய அமெச்சூர்கள் கையாண்ட முறை எளியது. டில்லிச் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ, மும்பை லாமிங்டன் சாலையிலோ, கொல்கத்தா சாந்தினியிலோ, பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ வாழும் நேயர்கள் இதற்குரிய பொருள்களை நடந்து சென்றே வாங்கலாம். ஆயிரம் ஓம் அளவும் இரண்டு வாட் தாங்குதிறனும் உள்ள கரி மின்தடைகள் இருபது வேண்டும். இரு பித்தளைத் தகடுகளுக்கிடையே அவற்றை இணையாக நிறுத்தி ஈயம் வைத்துப் பற்றவைத்தால், மொத்தத் தடை 50 ஓம். தாங்குதிறன் 40 வாட். கம்பி சுற்றிய மின்தடை ஆகாது. அது வானொலி அலைக்குச் சுருளாக நின்று கணக்கைக் கெடுக்கும். ஏரியலுக்குப் பதிலாக இதை நிலையத்தோடு இணைத்தால், அலை வெளியே செல்லாமல் இங்கேயே வெப்பமாகிவிடும்.

40 வாட் பாயும்போது இத்தடையின் குறுக்கே அலையின் உச்சி மின்னழுத்தம் சுமார் 63 வோல்ட்டாகும். போசின் கலீனாவுக்கு வழித்தோன்றலாகிய ஜெர்மானியம் டயோடு ஒன்று அங்கே காத்திருக்கிறது. எதிர்த்திசையில் அது ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தத்தைத் தாங்க நேரும். சிறு டயோடு தாங்காது. ஆதலால் மின்தடைகளால் அழுத்தத்தைப் பகுத்து, பத்தில் ஒரு பங்கை மட்டும் டயோடுக்குத் தர வேண்டும். டயோடுக்குப் பின் ஒரு சிறு மின்தேக்கி. அதற்குப் பின் மீட்டர். உணரி முடிந்தது.

முடிந்தது என்றோம், அதன் வாய்மை இன்னும் சோதிக்கப்படவில்லை. ஜெர்மானியம் டயோடு கால் வோல்ட் அளவைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். ஆறு வோல்ட்டில் அது சிறு கழிவு. ஆனால் பத்து மில்லிவாட்டை அளக்கப் புகுந்தால், உச்சி ஒரு வோல்ட். பகுத்தபின் பத்தில் ஒரு வோல்ட். டயோடு அநேகமாக மௌனமாகிவிடும். பெரிய திறனில் நாணயமாக நடக்கும் கருவி, சிறிய திறனில் பொய் சொல்கிறது. கையால் செய்தவர் பலரும் இவ்விடத்தில்தான் ஏமாறுகின்றனர்; முள் அசையவில்லை என்றதும் நிலையத்தைக் குறை கூறுவர். ஏரியலுக்குச் செல்லும் அலையையும் அங்கிருந்து மீளும் அலையையும் தனித்தனியே அளக்கும் உணரியை வாரன் புரூயின் 1959இல் விளக்கியபோதும், அவர் வளையச் சுருளின் முடிவில் நின்றது இதே டயோடுதான். சிறு திறன்களுக்கு மடக்கை முறையில் விடை தரும் ஒருங்கிணைந்த சில்லுகள் வந்தபின், 2000ஐ ஒட்டி, அமெச்சூர்களும் அவற்றைத் தகரப் பெட்டியில் அடைத்து மில்லிவாட்டின் மிகச் சிறு பின்னங்களையும் அளக்கத் தொடங்கினர்.

எச்சில்லாயினும் எப்படிகமாயினும், கோடுகளுக்கு வாட் எழுத ஒரு சான்று வேண்டும். விலையுயர்ந்த அளவுகோல் இல்லாதவன் என் செய்வான்? பழைய அமெச்சூர்களின் வழி இது. ஒரே மாதிரியான இரு சிறு பல்புகளை எடுத்து, ஒன்றை வானொலி அலையாலும் மற்றொன்றை மின்கலத்தாலும் எரித்தனர். இரண்டின் ஒளியும் ஒத்து நிற்கும்வரை மின்கலத்தின் அழுத்தத்தைத் திருத்தினர். அதன் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதே அலையின் திறன். இன்னும் நுட்பம் வேண்டுவோர், நாம் மேலே கூறிய மின்தடைக் கூட்டை எண்ணெய் நிறைந்த டப்பாவில் அமிழ்த்தி, முதலில் 44.7 வோல்ட் நேர்மின்சாரத்தைச் செலுத்துவர். பாய்வது 0.89 ஆம்பியர், திறன் 40 வாட். பத்து நிமிடத்தில் வெப்பமானி எத்தனை டிகிரி ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, எண்ணெயை ஆறவிட்டு, பிறகு நிலையத்தின் அலையைச் செலுத்துவர். அதே பத்து நிமிடத்தில் அதே ஏற்றமானால் அதுவும் 40 வாட். எண்ணெயின் குணம் எதையும் அறிய வேண்டியதில்லை. டயோடு பொய் சொல்லியிருந்தால் எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும்.

1917இல் போஸ் நிறுவிய ஆராய்ச்சிக் கழகம் கொல்கத்தாவில் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர சாலையில் உள்ளது. அவர் கையாண்ட கருவிகள் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அந்நகரில் வாழும் தமிழர்கள் ஒரு முறை சென்று காணலாம். அலையை எழுப்பும் பெட்டி, அதைத் திருப்பும் பட்டகம், புனல்போன்ற உலோக வாய், அதன் பின்னே எஃகுச் சுருள்களைத் தாங்கும் சிறு சட்டம், அதன்மேல் அழுத்தத்தைத் திருத்தும் திருகாணி.